கிணற்றில் நஞ்சு

அன்புள்ள அக்கா,

'பிளாக் டெத்' படத்தை இப்போதுதான் பார்த்தேன். 1348, இங்கிலாந்து. கொள்ளைநோய் அண்டாத ஒரு சதுப்புநிலக் கிராமத்தைத் தேடி இளந்துறவி ஆஸ்மண்ட் வீரர்களோடு போகிறான். செத்தவர்களை எழுப்பும் ஆள் அங்கே இருப்பதாகப் பேச்சு. இரண்டு நாளாகத் தூக்கமில்லை. நோய் தொடாத ஊர்கள் உண்மையிலேயே இருந்தனவா? அந்தக் காலத்து மக்களின் அறியாமையை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

கவின்

அன்புள்ள கவின்,

முதலில் நன்றாகத் தூங்குங்கள். இப்படிக் கலங்குகிற மனசு உங்களுக்கு வாய்த்திருப்பதில் எனக்குச் சந்தோஷம்தான்.

நோய் அதிகம் தொடாத இடங்கள் இருந்தன. மிலான் நகரம் மற்ற இத்தாலிய நகரங்களைவிடக் குறைவாகவே அடிபட்டது. அதில் மாயம் ஒன்றுமில்லை. சரி, அதை விடுங்கள்.

'அறியாமை' என்று எழுதிவிட்டீர்களே, அதை மட்டும் என்னால் விட முடியாது. சில வாரங்களாக இதையேதான் படித்துக்கொண்டிருக்கிறேன். படத்தில் சூனியக்காரி வருகிறாள், ஆனால் சூனியக்காரி வேட்டை பெரிதாகக் கிளம்பியது 15ஆம் நூற்றாண்டில்தான். 1348இல் ஐரோப்பா பழி போடப் பிடித்தது யூதர்களை. கிணறுகளில் நஞ்சு கலக்கிறார்கள் என்றார்கள், சித்திரவதை செய்து வாக்குமூலமும் வாங்கினார்கள். இங்கிலாந்து 1290இலேயே யூதர்களைத் துரத்திவிட்டிருந்தது. அதனால்தானோ என்னவோ படத்துக்கு ஒரு சூனியக்காரி தேவைப்பட்டாள்.

கிணற்றில் நஞ்சு என்பது பொய் என்று அப்போதே சொல்லப்பட்டது. சொன்னவர் போப்பாண்டவர் ஆறாம் கிளமென்ட், அதே 1348இல். யூதர்களும் இந்த நோயில் சாகிறார்கள், யூதரே இல்லாத நாடுகளிலும் நோய் இருக்கிறது, அப்புறம் அவர்கள் எப்படிக் காரணமாவார்கள் என்று கேட்டார். இது புரிவதற்கு 1894இல் எர்சின் என்ற மருத்துவர் ஹாங்காங்கில் இந்தப் பிளேக் நோயின் கிருமியைக் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்க வேண்டுமா, கவின்?

இன்றைய பிரான்சில் இருக்கும் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் நகர மன்றத் தலைவர்கள் யூதர்களைக் காப்பாற்றத்தான் பார்த்தார்கள். 1349 பிப்ரவரியில் கைவினைஞர் சங்கங்கள் திரண்டு அவர்களைப் பதவியிலிருந்து இறக்கின. சில நாள்தான். 14ஆம் தேதி, சனிக்கிழமை, யூதர்களின் ஓய்வுநாள். அவர்களுடைய இடுகாட்டிலேயே மரமேடை கட்டி உயிரோடு எரித்தார்கள். மதம் மாறச் சம்மதித்தவர்கள் பிழைத்தார்கள். அன்றைக்கு அந்த ஊருக்கு நோய் வந்து சேரவே இல்லை! யூதர்களிடம் வாங்கிய கடனெல்லாம் ரத்தானது. அடகுப் பொருளும் கடன் பத்திரமும் கடன் வாங்கியவர் கைக்கே திரும்பின. ரொக்கத்தைக் கைவினைஞர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். பங்கு போடத் தெரிந்தவர்களைப் போய் அறியாதவர்கள் என்கிறீர்கள். இனி அந்த வார்த்தையை இவ்வளவு சுலபமாக எழுதாதீர்கள்.

அந்த ஊர் வரலாற்றுக் குறிப்பில் ஒரு செய்தி வருகிறது. பாவசங்கீர்த்தனம் செய்ய, அதாவது தங்கள் பாவத்தைக் குருவானவரிடம் சொல்லப் போன சிலர், அவர் சொன்னதைக் கேட்டுத் தங்கள் பங்கைப் பேராலயத்துக்குக் கொடுத்துவிட்டார்களாம். சில நாட்களாக எனக்கும் தூக்கமில்லை, அந்தச் சிலரை நினைத்து. அவர்களுக்குத் தெரிந்திருந்தது.