எடைக்குப் போடும் முன்

வணக்கம் சார்,

எங்கள் தாத்தா பல வருடம் சின்ன அச்சகம் ஒன்று நடத்தினார். இப்போது வீட்டை விற்கப்போகிறோம். பரணில் நான்கு பெட்டிகள் இருக்கின்றன: புகைப்படங்கள், அவர் அச்சடித்த நோட்டீஸ் மாதிரிகள், கணக்குப் புத்தகங்கள். நல்ல படங்களை மட்டும் ஸ்கேன் செய்துவிட்டு மிச்சத்தை எடைக்குப் போடலாம் என்கிறார் அண்ணன். நகர ஆவணக் காப்பகத்தில் கேட்டால் சிரிப்பார்களா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

சிரிக்க மாட்டார்கள். நல்ல காப்பகமாக இருந்தால் அவர்கள் கை முதலில் அந்தக் கணக்குப் புத்தகத்துக்குத்தான் போகும். பெரிய கட்டடங்களையும் ஊர்வலங்களையும் யாராவது படமெடுத்து வைத்திருப்பார்கள். எந்தத் தெருவில் என்ன கடை திறந்தார்கள், நாடகத்துக்கு டிக்கெட் என்ன விலை, தேர்தலில் தோற்றுப்போனவர் என்னென்ன வாக்குறுதி கொடுத்தார் என்பதெல்லாம் மறுநாளே கிழிந்துபோகும் நோட்டீஸில்தான் இருக்கும். அதிலும் பாருங்கள், நோட்டீஸில் தேதியும் கிழமையும் போட்டிருப்பார்கள், வருடத்தை விட்டிருப்பார்கள். அந்த வேலை எந்த வருடம் வந்தது, எத்தனை பிரதி, பணம் வந்ததா இல்லையா என்று சொல்வது உங்கள் தாத்தாவின் கணக்குப் புத்தகம்.

அதனால் பிரிக்காதீர்கள். ஒருவரிடமிருந்து வந்த காகிதங்களைப் பொருள்வாரியாகப் பிரிக்காமல் ஒரே தொகுப்பாக வைக்க வேண்டும் என்று பிரான்சில் 1841-லேயே சுற்றறிக்கை விட்டார்கள். நான் இது தெரியாமல் அப்பாவின் கடிதங்களிலிருந்து படங்களை உருவி ஆல்பத்தில் அடுக்கிவிட்டேன், இப்போது பாதிப் படங்களில் இருப்பவர்கள் யாரென்றே தெரியவில்லை.

அண்ணனுக்குச் சொல்ல ஒரு விஷயம். 1922-ல் டப்ளினில் உள்நாட்டுப் போரின்போது பொது ஆவணக் காப்பகம் எரிந்து, பல நூற்றாண்டுக் காகிதங்கள் போய்விட்டன. அயர்லாந்தின் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எல்லாமே அந்தத் தீயில் போனது என்று பலரும் நினைக்கிறார்கள். 1821 முதல் 1851 வரையிலானவற்றில் பெரும்பகுதி அப்படித்தான் போனது. ஆனால் 1861, 1871 படிவங்களை அதற்கு வெகுகாலம் முன்பே அரசே அழித்துவிட்டது, 1881-ம் 1891-ம் முதல் உலகப் போர்க் காலத்தில் கூழாக்கப்பட்டன. அதாவது அவற்றையும் யாரோ எடைக்குத்தான் போட்டிருக்கிறார்கள்! எரிந்ததில் ஒரு பகுதியை, வேறு காப்பகங்களில் கிடந்த நகல்களைத் தேடிச் சேர்த்து, இப்போது இணையத்தில் மீட்டுவருகிறார்கள். அதனால் ஸ்கேன் செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள், ஆனால் அசலைத் தூக்கிப் போடுவதற்கு அது காரணம் ஆகாது.

அப்புறம், லாமினேஷன் வேண்டவே வேண்டாம், செலோடேப்பும் கூடாது. துருப்பிடித்த பின்களைப் பொறுமையாக எடுங்கள். கொடுக்கும்போது, யார் பார்க்கலாம், யார் பிரசுரிக்கலாம், வேண்டாததை என்ன செய்வார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சை நம்பிக் கொடுத்துவிட்டு அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. வீட்டில் மூத்தவர் யார் இருக்கிறாரோ அவரை உட்காரவைத்து, ஒவ்வொரு படத்தையும் காட்டி, பின்பக்கம் பென்சிலால் மெதுவாகப் பெயரும் இடமும் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறிவிடும். வீட்டை எப்போது ஒப்படைக்க வேண்டும் என்று நீங்கள் எழுதவில்லையே, எத்தனை நாள் இருக்கிறது?