லீவை எப்போது எடுப்பது?

கேள்வி: நான் டாலஸில் ஐ.டி. வேலையில் இருக்கிறேன். தஞ்சாவூரில் இருக்கும் அம்மாவுக்குக் கணையப் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவிவிட்டது. இனி கீமோ வேண்டாம், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கூட இருப்பது அக்காதான். எனக்கு மிச்சமிருப்பது இரண்டு வார லீவு. இப்போது போய்விட்டால் கடைசி நேரத்தில் போக முடியாதே என்று தள்ளிப்போடுகிறேன். அம்மாவுக்கு முழு விஷயமும் தெரியாது. ராத்திரி தூக்கமே இல்லை. என்ன செய்யட்டும்?
– பெயர் வேண்டாம், டாலஸ்

பதில்: இப்போதே கிளம்புங்கள். கொள்ளி வைப்பதற்காக லீவைச் சேர்த்து வைக்காதீர்கள். இப்படிப் பட்டென்று சொல்ல எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் இந்த நோய் கல்லீரல் வரை போய் கீமோவையும் நிறுத்திய பிறகு பெரும்பாலும் சில மாதங்கள்தான், சிலருக்கு வாரங்கள். அம்மா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து "ஏன்டா இப்படி இளைச்சிட்டே" என்று கேட்கக்கூடிய நாட்கள் இவைதான். கடைசி நாட்களில் பெரும்பாலும் மயக்கமும் தூக்கமுமாகவே இருப்பார். காரியத்துக்கு வர முடியாமல் போனால் சொந்தக்காரர்கள் நாலு பேச்சு பேசுவார்கள், பேசட்டும்.

அப்புறம், உங்களுக்கு இரண்டு வாரம் மட்டும்தான் என்பதும் உறுதியில்லை. அமெரிக்காவில் 1993-இல் வந்த எஃப்.எம்.எல்.ஏ. சட்டப்படி, பெற்றவர்களுக்குக் கடுமையான நோய் என்றால் வருடத்துக்கு 12 வாரம் வரை சம்பளமில்லாத விடுப்பு எடுக்கலாம், வேலை போகாது. கம்பெனியில் 50 பேராவது இருக்க வேண்டும், நீங்கள் ஒரு வருடமாவது அங்கே வேலை பார்த்திருக்க வேண்டும். அம்மா இந்தியாவில் இருப்பது தடையில்லை, இந்தியாவில் அவரைப் பார்க்கும் டாக்டரின் சான்றிதழ் போதும். எச்.ஆரிடம் கேளுங்கள். எச்1பி விசா என்றால் திரும்பும்போது பாஸ்போர்ட்டில் புது விசா ஸ்டாம்பிங் தேவைப்படுமா என்று கம்பெனி வக்கீலிடம் டிக்கெட் போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

வலிதான் இந்த நோயில் பெரிய பாடு. வயிற்றில் ஆரம்பித்து முதுகு வரை பிடுங்கும். அதற்கு மார்ஃபின் மாத்திரை இருக்கிறது, விலையும் அதிகமில்லை. 2014-இல் இந்தியாவில் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி, ஆஸ்பத்திரிகள் அதை வாங்கிவைப்பதை எளிதாக்கினார்கள். அப்படியும் "பழக்கமாயிடும்" என்று பயந்து பல வீடுகளில் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே கொடுக்காமல் இருக்கிறார்கள், இது என்னை ரொம்பவே வருத்தப்படுத்துகிற விஷயம். டாக்டர் சொன்ன அளவில் நேரம் தவறாமல் கொடுத்தால் அந்தப் பயம் வேண்டாம். மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து சேர்த்தே கேட்டு வாங்குங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலிநிவாரணச் சிகிச்சை தருகிறார்கள், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அக்காவை விசாரிக்கச் சொல்லுங்கள்.

அம்மாவுக்குத் தெரியாது என்கிறீர்கள். கீமோ நின்றதும், வீட்டில் எல்லோரும் கிசுகிசுவென்று பேசுவதும் அவருக்குத் தெரியாமலா இருக்கும்? நீங்களாகப் போய் எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து "டாக்டர் சொன்னதைப் பத்தி ஏதாவது கேக்கணுமாம்மா" என்று கேளுங்கள். கேட்டால் பொய் சொல்லாதீர்கள், கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

அக்காவைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு வாந்தி எடுத்த பாத்திரத்தைக் கழுவிவிட்டு வந்து படுக்கிறவர் அவர். அவரிடம் போனில் "அம்மா சாப்பிட்டாங்களா, ஏன் சாப்பிடலை" என்று தினமும் விசாரணை வேண்டாம். இந்தக் கட்டத்தில் பசியே இருக்காது, வற்புறுத்தி ஊட்டினால் அம்மாவுக்குத்தான் அவஸ்தை. முள்சீத்தா, மூலிகைக் கஷாயம் என்று வாட்ஸ்அப்பில் வருவதையும் அனுப்பாதீர்கள். ராத்திரிக்கு ஓர் அட்டெண்டர் வைக்க நீங்கள் பணம் கொடுங்கள். ஊருக்குப் போனதும் முதல் ரெண்டு ராத்திரி நீங்கள் அம்மா பக்கத்தில் படுத்துக்கொண்டு அக்காவைத் தூங்கவிடுங்கள்.