பட்டறை கேள்வி பதில்: வாளியில் தங்காத மரத்தூள்

கேள்வி: வீட்டுப் பட்டறையில் வேக்குவம் கிளீனரை வைத்துத்தான் மரத்தூளை இழுக்கிறேன். ஃபில்டர் ஓயாமல் அடைத்துக்கொள்கிறதே என்று 20 லிட்டர் பிளாஸ்டிக் வாளியில் நானே ஒரு பிரிப்பான் செய்தேன். உள்ளே வட்டமான பிளைவுட் தட்டு, அதன் விளிம்பைச் சுற்றி இடைவெளி, தட்டுக்கு மேலே பக்கவாட்டில் தூள் வரும் குழாய், மூடி நடுவில் வேக்குவத்துக்குப் போகும் குழாய். ஆனால் பாதித் தூளாவது வேக்குவத்துக்கே போய்விடுகிறது. தப்பு எங்கே?

பதில்: தட்டை அறுப்பதற்கு முன்னால் காற்றுக் கசிவைப் பாருங்கள். குழாயில் ஓட்டை இருந்தால் இழுவைதான் குறையும், வாளியில் இருந்தால் பிரிக்கும் வேலையே கெட்டுப்போகும். மெஷின் ஓடும்போது வாளிக்குள் காற்றழுத்தம் குறைவாக இருக்கிறது, அதனால் அடிப்பகுதியில் குண்டூசி அளவு ஓட்டை இருந்தாலும் வெளிக்காற்று அதன் வழியே சீறிக்கொண்டு நுழைந்து, தூள் எந்த இடைவெளி வழியாகக் கீழே விழவேண்டுமோ அதே இடைவெளி வழியாக மேலே ஏறும், ஏற்கெனவே படிந்த தூளையும் கிளப்பிக்கொண்டு போகும். மெஷினை ஓடவிட்டு மூடி விளிம்பு, குழாய் நுழையும் இடங்கள், திருகு போட்ட துளைகள் எல்லாவற்றிலும் சோப்பு நுரையைத் தடவுங்கள். நுரை எங்கே உள்ளே இழுபடுகிறதோ அங்கேதான் கசிவு. குழாய் சந்துகளுக்கு சிலிகான், மூடி விளிம்புக்கு ஃபோம் பட்டை. சிலிகான் ஒருநாள் நன்றாகக் காயட்டும், அவசரப்படாதீர்கள்.

கசிவே இல்லை என்றால் அடுத்தது தட்டு. நீங்கள் செய்திருப்பது தீன் பேஃபிள் என்று மரவேலைக்காரர்கள் சொல்லும் அமைப்பு. அதில் இடைவெளி முழு வட்டத்துக்கும் வராது. சுமார் 240 டிகிரிக்குத்தான் வெட்டவேண்டும், அகலம் ஏறக்குறைய 28 மில்லிமீட்டர். மீதி 120 டிகிரி வாளிச் சுவரோடு ஒட்டி மூடியே இருக்கவேண்டும், அந்த மூடிய பகுதி தூள் நுழையும் வாய்க்குக் கீழே வரவேண்டும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் முழுக்கச் சுற்றி வெட்டியிருப்பீர்கள் என்றே தோன்றுகிறது. அப்படியானால் உள்ளே வரும் காற்று ஒரு சுற்றுகூடச் சுற்றாமல் நேரே கீழே பாய்ந்து கலக்கிவிடும்.

தூள் வரும் குழாய் நடுவைப் பார்த்து நிற்கக்கூடாது, சுவரை உரசிக்கொண்டு நுழையவேண்டும். அப்போதுதான் காற்று சுழலும், கனமான சீவல் சுவர்ப்பக்கம் ஒதுங்கிக் கீழே இறங்கும். நடுக்குழாயின் முனை தட்டை முட்டுகிற மாதிரி இருக்கவும் கூடாது. குழாய் விட்டத்தில் கால் பங்கு இடைவெளி இருந்தால்தான் குழாயின் வாய்க்குச் சமமான வழி காற்றுக்குக் கிடைக்கும், அதனால் அரைப் பங்காகவே விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, குழாய் திடீரென்று அடைத்தால் மெல்லிய வாளி உள்பக்கமாக நசுங்கும். ஒரு வாளிக்குள் இன்னொன்றைச் செருகினால் சுவர் தடிக்கும், தாங்கும். தூள் தட்டை நெருங்கும்வரை விடாமல் முக்கால் வாளிக்கு முன்பே கொட்டிவிடுங்கள்.

கேள்வி: பிரிப்பான் வைத்தபிறகு ஃபில்டரில் தூசே இல்லை. இனி முகக்கவசம் தேவையில்லைதானே?

பதில்: தேவை. ஒரு துகளின் விட்டம் பாதியானால் எடை எட்டில் ஒரு பங்காகிறது, ஆனால் காற்று அதைப் பிடித்து இழுக்கும் விசை பாதிதான் குறைகிறது. அதனால் துகள் சிறுக்கச் சிறுக்கச் சுழற்சியால் அதைச் சுவர்ப்பக்கம் தள்ள முடியாது, காற்றோடு போய்விடும். நுரையீரலின் ஆழம்வரை போவது இந்த 10 மைக்ரானுக்குக் குறைந்த தூசுதான். மரத்தூசு புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995-லேயே வகைப்படுத்திவிட்டது. மூக்கும் அதைச் சுற்றியுள்ள எலும்பு அறைகளும்தான் முக்கியமாகப் பாதிக்கப்படுகின்றன. வேக்குவத்தில் ஹெபா ஃபில்டர் போடுங்கள், 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும். உப்புத்தாள் தேய்க்கும்போது என்95 கவசம் கட்டாயம். மெஷினை நிறுத்திய கையோடு கவசத்தைக் கழற்றிவிடாதீர்கள், கண்ணுக்குத் தெரியாத தூசு அப்புறமும் வெகுநேரம் மிதந்துகொண்டிருக்கும்.

கேள்வி: குழாயைத் தொட்டால் சுரீரென்று ஷாக் அடிக்கிறது. மின்கசிவா?

பதில்: தூள் பிளாஸ்டிக்கில் உரசி ஓடுவதால் சேரும் நிலைமின்சாரமாக இருக்கலாம். மெஷின் ஓடும்போது மட்டும், அதுவும் ஒரே ஒரு சுரீர் என்றால் பெரும்பாலும் அதுதான். குழாயைச் சுற்றி உறையில்லாத செம்புக் கம்பியை ஓடவிட்டு, எர்த் இணைப்புள்ள மெஷினின் உலோக உடம்போடு இணையுங்கள். தொட்டுக்கொண்டிருக்கும்வரை விடாமல் அடித்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அப்புறம், இரும்பு தேய்க்கும் கிரைண்டரை மட்டும் இந்தக் குழாயில் மாட்டவே மாட்டாதீர்கள். ஒரு பொறி மரத்தூளுக்குள் விழுந்தால் வெளியே தெரியாமல் மணிக்கணக்கில் கனன்று, நீங்கள் பட்டறையைப் பூட்டிவிட்டுப் போனபிறகு பற்றிக்கொள்ளும்.