பி.எட். முடித்த கையோடு மாலத்தீவு வேலை: பெற்றோர் கேட்க வேண்டியவை

"மகள் பி.எட். கடைசி வருஷம் படிக்கிறாள். மாலத்தீவில் டீச்சர் வேலைக்குப் போகிறேன் என்கிறாள். அங்கே கோயிலே கிடையாதாமே, சாமி நம்பிக்கை எல்லாம் போய்விடாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கோயில் இல்லைதான், சர்ச்சும் இல்லை. இஸ்லாம் அரச மதம். 2008 அரசியல் சாசனப்படி முஸ்லிம் அல்லாதவர் குடியுரிமை பெற முடியாது. வெளிநாட்டவர் தம் அறைக்குள் தனியாகக் கும்பிட்டுக்கொள்ளலாம். ஆனால் வெளிப்படையாக வழிபடுவதோ, உள்ளூர்க்காரர் யாரையாவது அதில் சேர்ப்பதோ 1994-ஆம் ஆண்டின் மத ஒற்றுமைப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வழிபாட்டுச் சிலைகளுக்கும் தடை. நீங்கள் ஆசையாகப் பெட்டியில் வைத்தனுப்பும் குட்டிப் பிள்ளையாரை தலைநகர் மாலேயின் விமான நிலையத்திலேயே சுங்கத்துறை எடுத்துவிடும். பாட்டு, ஜெபம் எல்லாம் போனில் இருக்கட்டும்.

மதம் மாற்றிவிடுவார்களோ என்பதுதான் பல பெற்றோரின் பயம். என்னைக் கேட்டால், கவலைப்பட வேண்டியது வேறு. இங்கே வெள்ளிக்கிழமை விளக்கையும் பிரதோஷத்தையும் நினைவூட்ட வீடும் தெருவும் இருக்கின்றன. அங்கே யாரும் நினைவூட்ட மாட்டார்கள். வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறு வேலை நாள் என்பதால், ஊரில் ஆராதனை நடக்கும் நேரத்தில் கிறிஸ்தவ ஆசிரியை வகுப்பில் நிற்பார். வழக்கத்துக்காகச் செய்துவந்தது சில மாதங்களில் நின்றுபோகும், தானாக விரும்பிச் செய்தது நிலைக்கும். எது எது என்று மகளுக்கே அங்கேதான் தெரியவரும். முஸ்லிம் பிள்ளைகளுக்கு எல்லாம் சுலபம் என்றும் நினைக்க வேண்டாம். நாகூர் கந்தூரியோடு வளர்ந்தவருக்கு, தர்கா வழக்கத்தை ஏற்காத சமூகத்தில் வேறு விதமான சங்கடம் இருக்கும்.

வகுப்பறையில் வாயைக் காப்பது முக்கியம். அந்நாட்டு மொழியான திவேஹி பாடமும் இஸ்லாம் பாடமும் போக, மற்றவை ஆங்கில வழி. 'பண்டிகை' என்று கட்டுரைத் தலைப்பு கொடுத்து தீபாவளிக் கதை சொன்னால், அன்று மாலையே அது பெற்றோர் புகாராக வரலாம். சின்னத் தீவில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். "மிஸ், நீங்கள் ஏன் முஸ்லிம் இல்லை?" என்று பிள்ளைகள் வெகுளியாகக் கேட்பார்கள். "அதை இஸ்லாம் பாட டீச்சரிடம் கேளுங்கள்" என்று சிரித்தபடி சொல்லிவிட்டுப் பாடத்துக்குத் திரும்ப வேண்டும். விளக்கம் வேண்டாம், வாதம் வேண்டவே வேண்டாம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கும் இதே விதிதான்.

இதைவிடப் பலரைச் சறுக்க வைப்பது தொழில்தான். நம் ஊரில் சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதிய பாடத்திட்டத்தோடு பயிற்சி முடிந்துவிடும். அங்கே லீடிங் டீச்சர் என்ற பொறுப்பில் இருப்பவர் திட்டத்தைப் படிப்பார், வகுப்பில் வந்து உட்காருவார். புத்தகத்தை வாசித்துப் பொருள் சொல்வதைப் பாடம் நடத்துவதாக ஏற்க மாட்டார். புரியாத இடத்தில் தமிழில் சொல்லிச் சமாளிக்க வழியில்லை, கை ஓங்கவும் கூடாது. இந்த இரண்டும் இல்லாமல் நான் டீச்சரா என்ற கேள்வி முதல் பருவத்திலேயே எழும். தப்பில்லை, அந்தக் கேள்வியிலிருந்துதான் நல்ல ஆசிரியர் உருவாகிறார். ஆனால் தயாராகப் போவது நல்லது. மீதமிருக்கும் பள்ளிப் பயிற்சி வாரங்களில் ஆங்கில வழி வகுப்பைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். தமிழ் கலக்காத 30 நிமிட வகுப்பைப் போனில் பதிவு செய்து, எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று அவரே பார்க்கட்டும்.

ரமலானில் பகலில் வெளியிடத்தில் சாப்பிட முடியாது என்பதையும் இப்போதே சொல்லி வையுங்கள்.

பண விஷயத்துக்கு வருவோம். சம்பளம் அந்நாட்டு நாணயமான ருஃபியாவில். அரசு மதிப்பில் டாலருக்கு 15.42 என்றாலும், அந்த விலைக்கு டாலர் எளிதில் கிடைப்பதில்லை. பாரத ஸ்டேட் வங்கிக்கு மாலேயில் கிளை உண்டு. ஆனால் மாதம் எவ்வளவு அனுப்பலாம் என்பதற்கு உச்சவரம்பு இருக்கிறது, அது மாறிக்கொண்டே இருக்கும். இன்றைய வரம்பு என்ன என்று கேட்காமல் வீட்டுக் கடனை இந்தச் சம்பளத்தை நம்பி வாங்காதீர்கள். ஏஜென்ட், வெளிநாட்டு வேலைக்கான இந்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பதிவானவரா என்று பாருங்கள். பதிவுபெற்றவர் வாங்கக்கூடிய அதிகபட்ச சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான்.

மாலே வேறு, நூற்றுக்கணக்கான பேர் மட்டுமே வசிக்கும் தொலைத்தீவு வேறு. எந்தத் தீவு, தங்குமிடம் யார் பொறுப்பு, இன்னொரு இந்திய ஆசிரியை அங்கே இருக்கிறாரா என்று எழுத்தில் கேளுங்கள். நியமனக் கடிதத்தில் தீவின் பெயர் வரும்வரை மகள் கையெழுத்துப் போட வேண்டாம்.