கேளுங்கள், சொல்கிறோம்: போதையை விட்ட பிறகும் கவனம்

கேள்வி: தம்பி மூன்று வருடம் ஹெராயின் எடுத்தவன். மறுவாழ்வு மையத்தில் 40 நாள் இருந்துவிட்டு வந்திருக்கிறான். முகம் தெளிந்துவிட்டது, நன்றாகச் சாப்பிடுகிறான். இனிப் பயமில்லைதானே, டாக்டர்?

பதில்: அவர் தேறி வந்தது பெரிய விஷயம். ஆனால் நீங்கள் மிகவும் விழிப்பாக இருக்கவேண்டியது இந்த முதல் சில வாரங்களில்தான். தினமும் எடுக்கும்போது உடம்பு அந்த அளவைத் தாங்கப் பழகிவிடும். விட்ட சில நாட்களிலேயே அந்தத் தாங்குசக்தி இறங்கத் தொடங்கும். கைக்கோ பழைய அளவுதான் தெரியும். 'ஒரே ஒரு தடவை' என்று அதையே எடுத்தால், மூச்சை நடத்தும் மூளைப்பகுதி மந்தமாகி மூச்சு நின்றுவிடலாம். மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வந்த புதிதில் சாவுகள் கூடுவது இதனால்தான். கூடவே மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் இன்னும் மோசம்.

கரகரவென்று விட்டுவிட்டு வரும் குறட்டையைக் கேட்டு, 'அசந்து தூங்குகிறான்' என்று கதவைச் சாத்திவிட்டுப் போய்விடாதீர்கள்; போதை அளவு மீறி மூச்சு தடுமாறுவதாக இருக்கலாம். உதடும் நகமும் நீலம் பாய்ந்து, கண்மணி ஊசிமுனைபோல் சுருங்கியிருக்கிறதா பாருங்கள். நெஞ்செலும்பை விரல் முட்டியால் அழுத்தித் தேயுங்கள். எழவில்லையென்றால் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். நாலாக்ஸோன் ஸ்பிரே (ஹெராயின் போன்ற போதையை முறிக்கும் மருந்து) இருந்தால் ஒரு மூக்குத்துளையில் அடியுங்கள். 2, 3 நிமிடத்தில் அசைவில்லையென்றால் இன்னொன்று. மூச்சு மிகவும் குறைந்திருந்தால் 5 விநாடிக்கு ஒருமுறை வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். தானாக மூச்சு விடுகிறார் என்றால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். கண் திறந்தாலும் மருத்துவமனைக்குப் போயே ஆகவேண்டும்: நாலாக்ஸோன் 30 முதல் 90 நிமிடம்தான் நிற்கும், உள்ளே போன போதை அதற்குப் பிறகும் இருக்கலாம்.

ஹெராயினுக்குப் பதிலாகத் தரப்படும் பியூப்ரெனார்ஃபின் அல்லது மெத்தடோன் மருந்துச் சிகிச்சை பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள். 'ஒரு போதைக்கு இன்னொரு போதையா' என்று பலர் தடுக்கிறார்கள். அது தவறு. அளவோடு, கண்காணிப்பில் தரப்படும் இந்த மருந்துகள் உயிரிழப்பை நன்றாகவே குறைக்கின்றன.

கேள்வி: போதை தொட்டவர்கள் எல்லாருமே அடிமையாகிவிடுவார்களா?

பதில்: இல்லை. ஐ.நா. கணக்குப்படி 2022இல் உலகம் முழுவதும் 29.2 கோடிப் பேர் போதைப்பொருள் பயன்படுத்தினார்கள். அவர்களில் நோயாக முற்றியது 6.4 கோடிப் பேருக்கு. இந்த நோயாளிகளில் சிகிச்சை கிடைத்தது 11 பேரில் ஒருவருக்குத்தான். எங்களை உறுத்துவது இந்தக் கடைசி எண்.

கேள்வி: அப்பா தினமும் குடிப்பவர். அறையில் வைத்துப் பூட்டி ஒரேயடியாக நிறுத்தலாம் என்கிறார் மாமா. செய்யலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். ஹெராயினை நிறுத்தினால் வரும் உடல்வலியும் வாந்தியும் பேதியும் கொடுமை, ஆனால் உடம்பில் நீர்ச்சத்து வற்றாமல் பார்த்துக்கொண்டால் உயிர் போவது அரிது. மது அப்படியில்லை. கடைசிக் குடிக்குப் பின் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாட்களுக்குள் இல்லாததைப் பார்த்துப் பேசுவது, உடம்பு கொதிப்பது, நடுங்குவது என்று நிலை முற்றலாம். இதில் இறப்பவர்கள் உண்டு. முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர் என்றால் மருத்துவமனையில் சேர்த்துத்தான் நிறுத்தவேண்டும். அங்கே வலிப்பைத் தடுக்க டயசிபாம் போன்ற மருந்தைக் கொடுத்துச் சில நாட்களில் படிப்படியாகக் குறைப்பார்கள், தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் போடுவார்கள். தினமும் எவ்வளவு குடிக்கிறார், கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு, வேறு என்ன மாத்திரை எடுக்கிறார் என்று எழுதி எடுத்துப் போங்கள்.