'ஆப்பிரிக்கன் குவீன்': எனக்குப் பிடித்தது தவறா?

அன்புள்ள ஐயா,

பழைய ஹாலிவுட் காட்டுப் படங்களைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, 'தி ஆப்பிரிக்கன் குவீன்' படத்தைப் போன வாரம் வீட்டில் போட்டோம். கல்லூரியில் படிக்கும் என் மகள் முதல் காட்சியிலேயே முகம் சுளித்தாள். தேவாலயத்தில் அந்த ஊர் மக்களைக் காட்டியிருந்த விதம் அவளுக்குப் பொறுக்கவில்லை. "இவங்களுக்கு அந்த ஜனங்களெல்லாம் மனுஷங்களாவே தெரியலையாம்மா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். நான் கடைசிவரை பார்த்தேன். பிடித்திருந்தது. ஏன் பிடித்தது என்று அவளிடம் சொல்லத்தான் தெரியவில்லை. நாயகன் சவரம் செய்யாத குடிகாரன். நாயகி நாற்பதைத் தாண்டிய, ஜெபம் தவிர வேறொன்றும் அறியாத பெண். டூயட் இல்லை, அழகான உடைகள் இல்லை. இதை எப்படிக் காதல் படம் என்கிறார்கள்? மகள் சொன்னது சரியென்றால், எனக்குப் பிடித்தது தவறா?

அன்புடன்,
திருப்பூரிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் சொன்னது சரி. கதை நடப்பது முதல் உலகப் போர் தொடங்கிய 1914-இல், அன்று ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவாக இருந்த இன்றைய தான்சானியாவில். நாயகி ரோஸ் ஆர்கன் வாசிக்கிறாள், அவள் அண்ணனான பாதிரியார் சாமுவேல் தொண்டை கிழியப் பாடுகிறார், ஊர் மக்கள் பொருளில்லாத ஓசை எழுப்புகிறார்கள். நாயகனான படகுக்காரன் சார்லி வந்து சுருட்டுத் துண்டை வீசியதும் அதற்காக அடித்துக்கொள்கிறார்கள். நம்மைச் சிரிக்கவைக்கத்தான் அந்தக் காட்சி. எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

அதைவிடப் பெரிய குறை அடுத்து வருகிறது. ஜெர்மன் படை ஊரைக் கொளுத்தி ஆண்களை இழுத்துக்கொண்டு போகிறது. அதன் பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்று படம் கேட்பதே இல்லை. வரலாற்றில் அதற்கு விடை இருக்கிறது. அந்தப் பகுதியில் சாலைகள் குறைவு, பாரம் இழுக்கும் மாடுகளையும் குதிரைகளையும் செட்சி ஈ கொன்றுவிடும். ஆகவே போருக்கு வேண்டிய அத்தனையும் மனிதர்களின் தலையில்தான் போனது. இரண்டு தரப்புமே ஆட்களைப் பிடித்தன. பிரிட்டிஷ் தரப்பில் சுமை தூக்கியவர்களில் மட்டும் 90,000 பேருக்கு மேல் இறந்தார்கள், பெரும்பாலும் நோயால். தான்சானியாவின் பெரிய நகரமான தார் எஸ் ஸலாமின் பெரிய சந்தைப் பகுதிக்குக் கரியாகூ என்று பெயர். 'கேரியர் கார்ப்ஸ்' என்ற சுமைதூக்கிப் படையின் பெயர்தான் உள்ளூர் நாவில் அப்படி ஆனது. (அந்தப் போரில் நம் பக்கத்து ஆட்களும் இருந்தார்கள். 1914 நவம்பரில் டாங்கா துறைமுகத்தில் ஜெர்மானியரிடம் தோற்ற பிரிட்டிஷ் இந்தியப் படையில் பாளையங்கோட்டையின் பெயரைக் கொண்ட 63-ஆவது காலாட்படையும் ஒன்று.) இதையெல்லாம் மகளிடம் சொல்லுங்கள். அவர் கோபம் இன்னும் கூடும். கூடட்டும், நியாயமான கோபம்தான்.

ஆனால் உங்களுக்குப் பிடித்ததில் தவறு இல்லை. ஊர் எரிந்து, சாமுவேலும் இறந்த பிறகு, ஓட்டை நீராவிப் படகு ஒன்றில் இரண்டு பேர் மிஞ்சுகிறார்கள். அங்கிருந்து படம் வேறு இடத்துக்குப் போகிறது. வேலைதான் அங்கே காதலை வளர்க்கிறது. இவ்வளவு பொறுமையாக அதைக் காட்டிய படம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

சார்லிக்குத் திட்டம் எதுவும் கிடையாது. சாப்பாடு இருக்கிறது, பெட்டி பெட்டியாக ஜின் இருக்கிறது, ஏதாவது தீவின் மறைவில் ஒதுங்கிக்கொண்டால் போர் தானாக முடிந்துவிடும் என்று நினைக்கிறான். படகில் என்னென்ன சரக்கு இருக்கிறது என்று ரோஸ்தான் கேட்கிறாள். வெடிமருந்து, ஆக்ஸிஜன் சிலிண்டர்கள். அப்படியானால் டார்பிடோ செய்யலாமே, ஆற்றோடு இறங்கிப் போய் ஏரியில் நிற்கும் ஜெர்மன் கப்பல் 'லூயிசா'வைத் தகர்க்கலாமே என்கிறாள். அவன் சிரிக்கிறான், அப்புறம் நழுவப் பார்க்கிறான். அவள் விடுவதில்லை.

சுக்கான் பிடிக்க அவன் கற்றுக்கொடுக்கிறான். பாறைகளுக்கிடையே ஆறு பாயும் முதல் இடத்தைத் தாண்டியதும் அவள் பயந்து ஒதுங்கிவிடுவாள் என்று எதிர்பார்க்கிறான். அவளோ தொப்பலாக நனைந்து, முகமெல்லாம் வெளிச்சமாக உட்கார்ந்திருக்கிறாள். அண்ணனின் பிரசங்கத்தில் எப்போதாவது ஆவி இறங்கும்போது மட்டுமே இப்படி உணர்ந்திருக்கிறேன் என்கிறாள். உடம்பின் சந்தோஷத்தை முதல்முறையாக அறிந்த பெண்ணின் பேச்சு அது. அவளிடம் இருந்த ஒரே மொழி தேவாலயத்தின் மொழி, அதிலேயே சொல்கிறாள்.

ஜின் பாட்டில்களை அவள் ஒவ்வொன்றாக ஆற்றில் கொட்டும் காட்சியை எல்லாரும் சொல்வார்கள். நீங்கள் அதற்கு அடுத்ததைப் பாருங்கள். தான் அவளைத் திட்டியதற்கும் குடித்ததற்கும் தண்டனையாகத்தான் அவள் பேசாமல் பைபிள் படிக்கிறாள் என்று அவன் நினைக்கிறான். சவரம் செய்துகொள்கிறான், துணி துவைக்கிறான், குடிப்பது மனித இயற்கைதானே என்று கெஞ்சுகிறான். இயற்கையைக் கடந்து எழவே நாம் இந்த உலகத்தில் வைக்கப்பட்டிருக்கிறோம் என்கிறாள் அவள். கடைசியில்தான் விஷயம் வெளிவருகிறது. அவன் குடித்தது அவளுக்குப் பெரிதில்லை. ஆற்றில் இறங்கிப் போகலாம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு மாட்டேன் என்றானே, அதுதான் கோபம். ஒருவன் திருந்த வேண்டும் என்பதைவிட, சொன்ன வேலையைத் தன்னோடு சேர்ந்து செய்ய வேண்டும் என்று கேட்கும் பெண் அவள். அந்த இடத்தில்தான் அவளை எனக்கு மிகவும் பிடிக்கிறது.

அதன் பிறகு ஜெர்மன் கோட்டையின் துப்பாக்கிகளுக்கு முன்னால் படகு தப்பிக்கிறது, இருவரும் கட்டிக்கொள்கிறார்கள், முத்தம். மறுநாள் காலை அவனுக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அன்போடு, உங்கள் முதல் பெயர் என்ன என்று கேட்கிறாள். அதுவரை அவன் மிஸ்டர் ஆல்நட்தான். இத்தனை நாள் ஒரே படகில் இருந்தும் பெயர் கேட்கத் தோன்றவில்லை, வேலை அப்படி.

ப்ரொபெல்லர் தண்டு வளைந்து, இதழ் ஒடிந்து படகு நின்றுபோகிறதே, அந்தப் பகுதியை மகளோடு உட்கார்ந்து பாருங்கள். பட்டறை இல்லாமல் முடியாது என்கிறான். பற்றவைத்தால் என்ன என்கிறாள். கரையில் தீ மூட்டி, துருத்தி ஊதி, தண்டை நிமிர்த்தி, இதழை ஒட்டவைத்து, இருவருமாக நீருக்குள் மூழ்கிப் பொருத்துகிறார்கள். அவசரமில்லாமல் படம் இதைக் காட்டுகிறது. நம் படங்களில் பாட்டு வருகிற இடத்தில் இந்தப் படத்தில் பட்டறை வேலை வருகிறது.

அப்புறம் அட்டைகள். நாணல் காட்டில் படகு சிக்க, சார்லி இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கயிற்றைப் பிடித்து இழுக்கிறான். மேலே ஏறினால் உடம்பெல்லாம் அட்டை. அவன் வெறுக்கும் ஒரே பிராணி அது. உப்புப் போட்டு எடுக்கிறார்கள், அவன் உடம்பு உதறுகிறது. ஆனால் படகு நின்ற இடத்திலேயே நிற்கிறது. யாராவது மறுபடி இறங்கியாக வேண்டும். அவன் தண்ணீரைப் பார்க்கிறான், அவள் அவனைப் பார்க்கிறாள், அவன் இறங்குகிறான். சார்லியாக நடித்த ஹம்ஃப்ரி போகார்ட்டுக்கு வாழ்நாளில் கிடைத்த ஒரே ஆஸ்கார் இந்தப் படத்துக்குத்தான். அந்த ஒரு முகத்துக்கே கொடுக்கலாம்.

அந்தக் காட்சி லண்டன் ஸ்டுடியோத் தொட்டியில் எடுக்கப்பட்டது. மற்றபடி இயக்குநர் ஜான் ஹூஸ்டன் 1951-இல் தன் குழுவை உண்மையிலேயே பெல்ஜியன் காங்கோவின் ரூயிகி ஆற்றுக்கும், உகாண்டாவின் மர்ச்சிசன் நீர்வீழ்ச்சிப் பகுதிக்கும் கூட்டிப்போனார். கனமான டெக்னிகலர் கேமராவைச் சின்னப் படகில் ஏற்ற முடியாது என்பதால் தெப்பங்களைக் கட்டி இழுத்தார்கள். நடுவில் படகே ஒருமுறை மூழ்கி, மேலே இழுக்கப்பட்டது. குழுவில் பலருக்குச் சீதபேதியும் மலேரியாவும். ரோஸாக நடித்த கேதரின் ஹெப்பர்ன் மிகவும் மோசமாக நோயில் விழுந்தார். விஸ்கியையே குடித்துக்கொண்டிருந்த போகார்ட்டும் ஹூஸ்டனும் தப்பினார்கள்.

நடுவயதுப் பெண் என்று எழுதியிருக்கிறீர்கள். ஹெப்பர்னுக்கு அப்போது 44 வயது, போகார்ட்டுக்கு 51. படம் அதை மறைக்கவில்லை. ஹெப்பர்ன் முதலில் ரோஸைச் சிடுசிடுவென்று நடித்தாராம். போரில் காயம்பட்டவர்களைப் பார்க்கப் போகும், அமெரிக்க அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட்டின் புன்னகையை முகத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று ஹூஸ்டன் சொல்ல, மொத்தப் பாத்திரமும் மாறியதாக ஹெப்பர்னே பிறகு எழுதினார். மனதுக்குள் எவ்வளவு பயந்தாலும் புன்னகையை விடாத பெண்ணாக ரோஸ் ஆனது அப்படித்தான்.

முடிவு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இருவரும் ஜெர்மானியரிடம் பிடிபட்டு, தூக்குக் கயிறு கழுத்தில் இருக்கும்போது ஜெர்மன் கேப்டனே கல்யாணம் செய்துவைக்கிறார். அடுத்த நிமிடம் மூழ்கிக் கிடந்த படகின் டார்பிடோவில் கப்பல் மோதி வெடிக்கிறது. படத்துக்கு மூலமான சி.எஸ். ஃபாரஸ்டரின் 1935 நாவலில் இப்படி இல்லை. அங்கேயும் படகு புயலில் மூழ்கிவிடுகிறது, ஆனால் கப்பலைத் தகர்ப்பது பிரிட்டிஷ் படகுகள். அவர்கள் சந்தோஷமாக வாழ்ந்தார்களா என்பதைக்கூட நாவல் உறுதியாகச் சொல்லாது. எனக்கு நாவலின் முடிவே நேர்மையானதாகப் படுகிறது. படத்தின் முடிவில் அதிர்ஷ்டம் கொஞ்சம் அதிகம்.

கதைக்குத் தூண்டுதலான நிஜக் கப்பல் 'கிராஃப் ஃபான் கோட்சன்'. டாங்கனிக்கா ஏரியில் 1916-இல் ஜெர்மானியர்களே அதை மூழ்கடித்தார்கள். பிரிட்டிஷார் 1924-இல் மேலே எடுத்தார்கள். 1927 முதல் 'லியம்பா' என்ற பெயரில் அதே ஏரியில் பல பத்தாண்டுகள் பயணிகளைச் சுமந்தது.

மகளைப் படத்தின் தொடக்கத்திலிருந்து மறுபடி பார்க்கச் சொல்ல வேண்டாம். ப்ரொபெல்லர் உடைகிற இடத்திலிருந்து போட்டுக் காட்டுங்கள். அவருக்கு அதிலும் ஆட்சேபம் இருந்தால் அவரையே எனக்கு எழுதச் சொல்லுங்கள், கட்டாயம் பதில் எழுதுகிறேன்.

அன்புடன்