நையாண்டிக்குத் தூரத்து ஊர் எதற்கு?

கேள்வி: ஏழைக் குழந்தைகளை ஒரு வயதில் பணக்காரர் வீட்டுச் சமையலுக்கு விற்றுவிடலாம் என்று ஜோனதன் ஸ்விஃப்ட் 1729இல் எழுதிய நையாண்டியை எங்கள் வாசகர் வட்டத்தில் வாசித்தோம். மூத்தவர் ஒருவர், "பிள்ளைக்கறியெல்லாம் சபையில் வாசிக்கிற விஷயமா?" என்று எழுந்து போய்விட்டார். காசா குழந்தைகளை வைத்து இதே பாணியில் எழுதி, ஆண்டு விழாவில் வாசிக்க இருக்கிறோம். செய்யலாமா?
- ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: எழுந்து போனவர்தான் ஒழுங்காகக் கேட்டிருக்கிறார். குமட்ட வேண்டும் என்றுதானே அதை எழுதியதே! ரசித்துக் கைதட்டியவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை.

பிள்ளைக்கறி நம் பக்கத்துக்குப் புதிதா என்ன? சிவனடியார் கேட்டார் என்று சிறுத்தொண்டர் தன் பிள்ளை சீராளனையே கறி சமைத்த கதையை நினைத்து, திருச்செங்காட்டங்குடியில் வருஷா வருஷம் சித்திரைப் பரணிக்கு அமுது படையல் நடக்கிறது. ஆனால் பெரியபுராணத்தில், அம்மாவும் அப்பாவும் கூப்பிட்டதும் சீராளன் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வருகிறவனைப் போல வந்துவிடுகிறான். ஸ்விஃப்டிடம் கூப்பிட ஆளே கிடையாது, கணக்குதான் உண்டு. ஏழை வீடுகளில் வருஷத்துக்குப் பிறப்பது 1,20,000. இனவிருத்திக்கு 20,000 போக மீதி ஒரு லட்சம் விற்பனைக்கு. கொழுத்த பிள்ளைக்கு 10 ஷில்லிங் கொடுக்க எந்தக் கனவானும் முகம் சுளிக்கமாட்டானாம். பெற்றோரை ஏற்கெனவே தின்று தீர்த்த நிலக்கிழார்களுக்குத்தான் பிள்ளைகள் மேல் முதல் பாத்தியதை என்றும் ஒரு வரி வருகிறது. சுடுவது அந்தக் கணக்குப்பிள்ளைக் குரல். கறியை மட்டும் காப்பியடித்தால் வெறும் பேய்க்கதைதான் மிஞ்சும்.

இன்னொன்று. ஸ்விஃப்ட் அயர்லாந்தின் டப்ளினில் செயின்ட் பேட்ரிக் தேவாலயத்தின் தலைமைக் குரு. தன் வாசல் தெருவில் பிச்சையெடுத்த தாய்மார்களைப் பற்றித்தான் எழுதினார். வெளியூரில் உட்கார்ந்து குத்தகை தின்கிறவர்களுக்கு வரி போடு, உள்ளூர்த் துணியை வாங்கு, குடியானவனிடம் கொஞ்சம் இரக்கம் காட்டு என்ற நிஜப் பரிகாரங்களை எல்லாம், "இதையெல்லாம் என்னிடம் பேசாதீர்கள்" என்று தள்ளுகிற மாதிரியே வரிசையாகச் சொல்லிவிடுகிறார். உங்கள் கூட்டத்தில் அந்தப் பத்தியை வாசித்தீர்களா? பலரும் தாண்டிவிடுகிற இடம் அது.

காசாவில் பஞ்சம் என்று ஐ.நா. ஆதரவு பெற்ற நிபுணர் குழு 2025 ஆகஸ்டில் அறிவித்தது. அப்படி அறிவிப்பதற்கான அளவுகோல்களில் ஒன்று, 10,000 பேரில் நாளொன்றுக்கு இரண்டு பேராவது பட்டினியாலோ, ஊட்டச்சத்துக் குறைவும் நோயும் சேர்ந்தோ சாக வேண்டும் என்பது. அளவுகோல் தேவைதான், குறை சொல்லவில்லை. ஆனால் இதற்கு மேல் மிகைப்படுத்த உங்களுக்கு என்ன இடம் இருக்கிறது? அங்கே உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், நிதி திரட்டி அனுப்புங்கள்.

நையாண்டிக்கு விஷயம் உங்கள் வாய்க்கால் கரையிலேயே இருக்கிறது. கொத்தடிமைத்தனத்தைச் சட்டம் போட்டு ஒழித்தது 1976இல். 2018 கஜா புயலுக்குப் பிறகும், கடனுக்காக ஆடு மேய்க்க விடப்பட்ட பையனை டெல்டாவில் அதிகாரிகள் மீட்டதாகச் செய்தி வந்தது. அவனை வாங்குகிற ஆள் பேசுவதாக எழுதுங்கள். முன்பணம் எவ்வளவு, எத்தனை வருஷம், இரவில் கிடைக்குக் காவல் யார், ஆடு காணாமல் போனால் யார் கணக்கில் எழுதுவது, காய்ச்சலில் படுத்தால் அந்த நாட்களைக் கழிப்பதா வேண்டாமா - எல்லாம் நிதானமாக, நாலு பேருக்கு நல்லது செய்கிற பெரிய மனிதர் குரலில். ஊர்ப்பெயர் மட்டும் உங்கள் ஊராகவே இருக்கட்டும். விழாவுக்கு நன்கொடை கொடுத்தவர்கள் முன்வரிசையில் இருப்பார்கள் என்று பயந்து மாற்றிவிடாதீர்கள்.

எழுதி முடித்தால் அனுப்புங்கள், நாலு பக்கம் ஒதுக்குகிறேன்.